பள்ளத்தில் இருக்கிறது மேட்டுக்கு மண்

எதிர்மனையில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் பிள்ளைகள் இருவரும் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். "பெரியம்மா, வீட்டுக்குப் பின்னாடி 10-க்கு 20 அடி இடம் சும்மா கிடக்கு. மேட்டுப்பாத்தி போட்டுக் காய்கறி வைக்கலாம்னு இருக்கோம். எத்தனை லோடு மண் அடிக்கணும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியை ஒரு டிராக்டர்காரரிடம் கேட்டேன். அவர் இரண்டு லோடு அடித்துவிட்டுப் போனார். அந்தக் கூத்து பின்னால் வரும்.

நான் பிறந்தது சோழவந்தான். அப்பாவுக்குக் கொடிக்கால் இருந்தது. மதுரைக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷம் மண்ணைத் தொடாமலே இருந்துவிட்டு, இந்தப் புறநகர் மனைக்கு வந்த பிறகுதான் மறுபடி மம்பட்டியைப் பிடித்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததில் பாதி அப்பாவைப் பார்த்துத் தெரிந்தது, மீதி கெடுத்துத் தெரிந்தது. வாயால் சொன்னால் நிற்காது, நோட்டில் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினது இது. மண்ணையும் பாத்தியையும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். விதை, பூச்சி, பந்தல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. கடப்பாரைக்கு முன்னால் நாற்காலியை எடுங்கள்.

ஒரு லீவு நாளில் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று பாருங்கள். காய் காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் கிடைத்தாலே போதும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் உயரமான செடியை வடக்கே வை, தெற்கு வெயிலை மறைக்காதே என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. மதுரையில் சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அங்கிருந்து ஆவணி வரைக்கும் உச்சிவெயில் வடக்கே இருந்துதான் விழும். நமக்குக் கவலை தெற்கும் வடக்கும் அல்ல, மேற்கு. மூணு மணி வெயில் பாத்தியைக் காய்ச்சி எடுத்துவிடும். மேற்கே ஒரு முருங்கையோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். தென்னை இருந்தால் மட்டும் ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். அதன் வேர்க்கூட்டம் அந்த வட்டத்துக்குள்தான் நெருக்கமாக இருக்கும், நீங்கள் போடுகிற எரு முழுக்க அதற்கே போய்ச் சேரும்.

2. ஒரே ஒரு குழி வெட்டுங்கள்.

இரண்டடி ஆழம். இந்த நகர் முழுக்க ஒரு காலத்தில் நெல் வயல். மனை போட்டவர்கள் மேலே கிராவல் அடித்து நிரவினார்கள், வீடு கட்டினவர்கள் அதன் மேல் ரப்பிஷைக் கொட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் செவப்பாகத்தான் தெரியும். குழியின் சுவரைப் பார்த்தால்தான் எத்தனை அங்குலம் கிராவல், எங்கே களிமண் தொடங்குகிறது, சிமெண்ட் கட்டி எதுவரைக்கும் கிடக்கிறது என்பது தெரியும்.

பார்த்துவிட்டு அந்தக் குழியில் ஓரடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை சீக்கிரம் வடியும், அதை நம்பாதீர்கள், காய்ந்த மண் குடிக்கத்தான் செய்யும். வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தடவை இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் நல்ல வடிகால். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டால் அடியில் வெறும் சரளை. மறுநாள் காலையிலும் குட்டை மாதிரி நின்றால், உங்களுக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம்.

3. மண்ணைக் கையிலும் பாட்டிலிலும் பாருங்கள்.

கைப்பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து கயிறு திரியுங்கள். திரிக்கவே வராவிட்டால் மணல்சாரி. மெல்லிசாகத் திரித்து மோதிரம் மாதிரி வளைத்தாலும் உடையாவிட்டால் களி. திரிக்க வந்து, வளைக்கும்போது விரிந்தால் அதுதான் தோட்ட மண்.

பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள். நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் ஓரிரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி படிய ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள் ஆகும். மூன்று வரிகளையும் ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில்.

உப்பு, கார அமில நிலை இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மாவட்ட மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஐந்தாறு இடத்தில் ஆங்கில V எழுத்து மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி, வெட்டின பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொண்டுபோங்கள். எருக்குழிக்குப் பக்கத்திலும் மரத்தடியிலும் எடுத்த மண் பொய் சொல்லும். முடிவு 6-க்கும் 7.5-க்கும் நடுவில் வந்தால் காய்கறிக்குக் குறையில்லை. எட்டரையைத் தாண்டினால் என்னிடம் வராதீர்கள், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். யானைமலைக்குப் பக்கத்தில் 1965-லிருந்து அதற்கென்றே உட்கார்ந்திருக்கிறார்கள்.

4. மேடு எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

இதை நான் கொடிக்காலில் படித்தேன். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் இலையின் ருசியைப் பேசினார்கள். எனக்கு நினைவு வந்தது அந்த இலை வளர்ந்த மேடும் அதைச் சுற்றி ஓடின வாய்க்காலும்தான். வெற்றிலைக்கொடி மாதிரி பிடிவாதக்காரச் செடி கிடையாது. ஒரு நாள் காய்ந்தால் இலை சுருங்கும். ஒரு நாள் காலடியில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வந்து கொடி மொத்தமும் போய்விடும். "இதுக்கு ஈரம் வேணும், தண்ணி வேணாம்" என்பார் அப்பா. இரண்டும் ஒன்றுதானே என்று சின்ன வயசில் குழம்புவேன்.

ஒன்று இல்லை. நல்ல மண்ணை ஒரு படி அளந்தால் அதில் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் சரிபாதி தண்ணீரும் சரிபாதி காற்றும் இருக்கும்போது வேர் குஷியாக இருக்கும். முழுக்கத் தண்ணீர் புகுந்துகொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். மேடு போடுவது அந்தக் காற்றைக் காப்பாற்றத்தான். அழகுக்குப் போடுவதில்லை, குனியச் சிரமமாக இருக்கிறது என்றும் போடுவதில்லை. (எனக்கு இப்போது குனியச் சிரமம்தான். அது வேறு விஷயம்.)

சரி, அந்த மேட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது? கொடிக்காலுக்கு யாரும் லோடு அடித்ததில்லை. முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் எடுப்பார்கள். எடுத்த மண் இரண்டு பக்கமும் ஏறி மேடாகும். அதில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்த பிறகு கொடியை அதன் மேல் ஏற்றுவார்கள். மேட்டு மண் மழையில் கரைந்து வாய்க்காலில் இறங்கும், ஆட்கள் அதையே வழித்து மறுபடி மேட்டில் போடுவார்கள். வருஷம் முழுக்க இதே வேலைதான். நீங்கள் கேட்ட லோடுக்குப் பதில் இதில் இருக்கிறது. உங்கள் நடைபாதைதான் உங்கள் லோடு.

5. கணக்கைப் போட்டுவிட்டு வெட்டுங்கள்.

பாத்தி அகலம் 3 அடி. இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டவேண்டும், அதுதான் அளவு. நாலடி போடலாம் என்பார்கள், நம் பெண்களின் கைக்கு நாலடி அதிகம். ஒரு தடவை பாத்திக்குள் காலை வைத்து மிதித்தால் பத்து நாள் கொத்தின வேலை போச்சு. நீளம் 8 அடி. நடுவில் ஒன்றரை அடி நடைபாதை. உங்கள் 20 அடியில் நாலு பாத்தியும் ஐந்து பாதையும் அடங்கும்.

லோடு அடித்து ஓரடி உயரம் நிரப்பினால் நாலு பாத்திக்கும் 96 கன அடி வேண்டும், கிட்டத்தட்ட ஒரு யூனிட். அதை விடுங்கள். பாத்திகளுக்கு நடுவிலுள்ள மூன்று பாதையையும் அரையடி தோண்டினால் 18 கன அடி வரும். பாத்திகளில் பரப்பினால் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி இளக்கும்போது மண் தானாக இரண்டு மூன்று அங்குலம் பொங்கி எழும். அதற்கு மேல் மூன்று அங்குலம் எரு. ஆக ஏழெட்டு அங்குலம் மேடு, ஒரு பைசா மண் வாங்காமல். பாதை அரையடி பள்ளமாகிவிட்டதால் செடிக்கு நீங்கள் போட்ட மேடு ஓரடிக்கு மேல் இருக்கிற மாதிரிதான். சுவரோரப் பாதைகளை மட்டும் தோண்டாதீர்கள், அஸ்திவாரத்துக்கு ஆகாது.

இதற்கு மேல் உயர்த்தவும் வேண்டாம். படங்களில் இடுப்பு உயரத்துக்குப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பங்குனிக் காற்றில் அது இரண்டு பக்கமும் காய்ந்து, காலையில் ஊற்றின தண்ணீர் சாயங்காலம் இருக்காது.

முதல் வருஷம் இரண்டு பாத்தி போதும். நாலும் வேண்டும் என்பீர்கள். எரு சுமக்கும்போது தெரியும்.

6. மேல்மண் மேலே, அடிமண் அடியில்.

முதல் அரையடி மண்ணை வெட்டி ஒரு பக்கம் குவியுங்கள். அதில்தான் உயிர் இருக்கிறது. அடுத்த அரையடியை வெளியே எடுக்காமல் அங்கேயே கடப்பாரையால் குத்தி நெம்பி இளக்குங்கள். பிறகு மேல்மண்ணை மறுபடி மேலே போடுங்கள். சித்தாள் வைத்து வேலை வாங்கினால் பக்கத்திலேயே நில்லுங்கள். அவர்களுக்கு அஸ்திவாரம் தோண்டித்தான் பழக்கம், தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். அடிக்களி மேலே வந்துவிட்டால் அதைச் சரியாக்க இரண்டு வருஷம் ஆகும்.

களிமண்ணை ஈரத்தில் கொத்தாதீர்கள். ஒரு உருண்டை பிடித்து மார்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் கொத்தலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் மூன்று நாள் பொறுங்கள்.

7. கோரைக்கு இரக்கமே கூடாது.

கொத்தும்போது கறுப்பாக, கொண்டைக்கடலை அளவில் கிழங்குகள் வரும். ஒன்றை விட்டாலும் அது சங்கிலி போட்டுக் குடும்பம் நடத்தும். அட்டைப்பெட்டி விரித்து மேலே மண் போட்டால் களை சாகும் என்கிறார்கள். மற்ற களைக்குச் சரி. கோரை அட்டையைத் துளைத்துக்கொண்டு ஊசி மாதிரி மேலே வரும், என் கண்ணால் பார்த்தேன். பொறுக்குவது ஒன்றுதான் வழி. பொறுக்கினதைக் குப்பைக்குழியில் போடாமல் வெயிலில் சருகாகக் காயவிட்டு எரித்துவிடுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் தொடங்கினால் இன்னொரு வசதி உண்டு. மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீன் ஷீட்டை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி நாலைந்து வாரம் விடுங்கள். உள்ளே வேகிற வேக்காட்டில் களை விதையும் நூற்புழுவும் நிறையவே குறைந்துவிடும். கோரைக்கிழங்கு மட்டும் இதற்கும் முழுசாக மசியாது.

8. கரை கட்டுவது உங்கள் ஆசை.

கரையே இல்லாமல் பக்கங்களைச் சரிவாக்கி, மம்பட்டியின் முதுகால் தட்டிவிட்டாலும் பாத்தி நிற்கும். கட்டத்தான் வேண்டும் என்றால் செங்கல், கருங்கல், பழைய பனந்துண்டு எது கிடைத்தாலும் சரி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டி நட்டுவைக்கிற பழக்கம் இந்தத் தெருவில் இருக்கிறது. வேண்டாம். வெட்டும்போது வருகிற தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட் அடித்த பழைய கதவு ஜன்னல் பலகையும் வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும்.

பாத்தியின் மேல்தளத்தை மேடாகக் குவிக்காமல் தோசைக்கல் மாதிரிச் சற்றே குழித்து, ஓரம் இரண்டு விரல் உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் முழுக்கப் பாதைக்கு ஓடும்.

9. மட்டையை மல்லாத்திப் போடுங்கள்.

அடி இளக்கின பிறகு, மேல்மண் போடுவதற்கு முன், தேங்காய் உரிமட்டை கிடைத்தால் ஒரு வரிசை அடுக்குங்கள். குழிந்த பக்கம் வானம் பார்த்து இருக்கவேண்டும், அப்போதுதான் கிண்ணம் மாதிரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும். தென்னந்தோப்புக்காரர்கள் மரத்தைச் சுற்றிப் புதைப்பது இப்படித்தான். வடிகால் சரியில்லாத களியில் இதைச் செய்யாதீர்கள். உங்கள் குழியில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்று குறித்து வைத்தீர்கள் அல்லவா, அதைப் பார்த்து முடிவெடுங்கள். வாழைத்தண்டு இருந்தால் வெட்டி அதையும் போடலாம்.

10. எரு ஆறியிருக்கவேண்டும்.

இப்போது என் கூத்து. டிராக்டர்காரர் அடித்த இரண்டு லோடு செம்மண்ணைப் பாத்தியாக்கி, தெருக்கோடி மாட்டுக்கொட்டத்திலிருந்து அன்றாடம் அள்ளின சாணியைக் கொண்டுவந்து, "நல்லா விளையட்டும்" என்று தாராளமாகக் கலந்தேன். நாலு நாளில் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் வெந்நீர் அண்டா மாதிரிச் சூடு. தக்காளி நாற்று ஒரே வாரத்தில் அடி கறுத்துச் சாய்ந்தது. தப்பிப் பிழைத்த இரண்டு கத்தரியைக் கரையான் பார்த்துக்கொண்டது. அடுத்த மாசம் பாத்தி முழுக்கப் பச்சைப்பசேல். பார்த்துப் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி, "அக்கா, இது கோரை" என்றார். செம்மண்ணோடு வந்திருக்கிறது. மண் கொடுத்தவர்மேல் குற்றமில்லை, கொட்டும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்காதது நான்.

மக்கின தொழுவுரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சாணி வாடை இருக்காது, புதுமழை மண் மாதிரி மணக்கும். குவியலுக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்கும். வைக்கோல், கூளம் எதுவும் அடையாளம் தெரியாமல் டீத்தூள் மாதிரி உதிரும். இன்னும் சந்தேகமா, ஒரு கொட்டாங்கச்சியில் அந்த எருவை நிரப்பிப் பத்துத் தட்டைப்பயறு போடுங்கள். எட்டாவது முளைத்து நிமிர்ந்தால் எரு ஆறிவிட்டது.

3 அங்குலம் பரப்ப ஒரு பாத்திக்கு 6 கன அடி வேண்டும். ஒரு சிமெண்ட் சாக்கு ஒன்றேகால் கன அடி பிடிக்கும். ஆக, பாத்திக்கு 5 சாக்கு. இதை அரையடி மேல்மண்ணோடு கொத்திக் கலக்கவேண்டும், மேலே சும்மா தூவிவிட்டால் பிரயோசனமில்லை. ஆட்டுப்புழுக்கை வீரியம் கூடினது, தொழுவுரத்தில் பாதி அளவு போதும், அதுவும் சில மாசம் மக்கின பிறகு. கோழி எருவைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

எருவைக் கிளறும்போது வெள்ளையாக, சுருண்டு கிடக்கிற தடித்த புழுக்கள் வரும். சிலது வேரைக் கடிக்கிற ஜாதி. சிலது காண்டாமிருக வண்டின் புழு, அது இப்போது எருவைத் தின்றுவிட்டு, வண்டான பிறகு பக்கத்து வீட்டுத் தென்னங்குருத்துக்குப் போகும். எதுவானாலும் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மண்புழு என்று நினைத்துத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன். போன வாரம் என் எருக்குழிப் பக்கம் நீ அதைத்தான் செய்தாய்.

11. கடையில் வாங்குகிற பைகளைப் பற்றிச் சுருக்கமாக.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை நேராகப் போடாதீர்கள், உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். மக்காத நார்க்கழிவு மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாக நிற்கும். அதனால்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகக்காரர்கள் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி அதை மக்கவைக்கச் சொல்கிறார்கள். மக்கினதாகப் பார்த்து வாங்குங்கள். அதுவும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம்.

வேப்பம்புண்ணாக்கு பாத்திக்கு அரைக்கிலோ. உரத்துக்கு உரம், நூற்புழுவுக்கும் கரையானுக்கும் ஓரளவு தடை. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டும் தூளாகக் கிடைக்கும். 50 கிராமை ஒரு கூடை ஈர எருவில் கலந்து, நிழலில் ஒரு வாரம் சாக்குப் போட்டு மூடிவைத்துப் பிறகு போடுங்கள். அதோடு சாம்பலையோ பூஞ்சைக்கொல்லியையோ சேர்த்தால் போட்டதெல்லாம் வீண்.

களிமண்ணை இளக்க எம்-சாண்ட் போடலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். களியும் மணலும் அரைகுறையாகச் சேர்ந்தால் செங்கல் ஆகும். களிக்கும் மருந்து எருதான், மணலுக்கும் மருந்து எருதான்.

12. காசில்லாமல், ஆனால் இரண்டு மாசம் பொறுமை இருந்தால்.

இரண்டாவது ஜோடிப் பாத்திக்கு இதைச் செய்யுங்கள். சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதைத்து, பூ எடுக்கிற சமயம், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணுக்குள் கொத்திவிடுங்கள். மண் கொஞ்சம் களர் என்றால் தக்கைப்பூண்டுதான் தாங்கும். தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் என்று வகைக்கு நாலாக எல்லாவற்றையும் கலந்து விதைக்கிற பலதானிய விதைப்பும் உண்டு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த முறை அது. எனக்கு அது அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்க்கிற வேலை. சமையலறையில் கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, பாசிப்பயறு, எள், கம்பு என்று கிடந்ததையே விதைத்தேன், நன்றாகவே வந்தது. மடக்கின பிறகு பதினைந்து இருபது நாள் அழுகவிடாமல் நடாதீர்கள்.

13. ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பாதீர்கள்.

தண்ணீர் வீணாகிறதே என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அது உங்கள் போர்த் தண்ணீரிலிருக்கும் உப்பை மேலும் கூட்டி வெளியேற்றுகிற தண்ணீர். வாசல் கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி மேல் வெள்ளை பூத்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். அந்த மாதிரி சமயத்தில் ஐப்பசி மழைதான் வைத்தியர், மேட்டுப்பாத்தியில் உப்பு கழுவிக்கொண்டு பாதைக்கு இறங்கிவிடும். அந்தப் பாதைக்கு ஒரு கோடியில் வெளிவழி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

14. எல்லாம் முடிந்த பிறகு பதினைந்து நாள் சும்மா இருங்கள்.

இதுதான் யாருக்கும் முடியாத வேலை. பாத்தி போட்ட அன்று சாயங்காலமே நர்சரிக்கு ஓடிவிடுவார்கள். கலந்த மண்ணை நன்றாக நனைத்து, மேலே லேசாகச் சருகு போட்டு விட்டுவிடுங்கள். மண் இரண்டு அங்குலம் இறங்கும். இறங்காமல் நட்டால் செடியின் கழுத்து அந்தரத்தில் நிற்கும். எட்டாம் நாள் களை முளைக்கும், கொத்தாமல் விரலால் கிள்ளி எடுங்கள், கொத்தினால் அடியிலிருக்கும் விதை மேலே வரும். பதினைந்தாம் நாள் மறுபடி முளைக்கும், மறுபடி கிள்ளுங்கள். அதற்குப் பிறகு களைவேலை பாதியாகிவிடும்.

ஆடியில் விதைக்க நினைத்தால் மண்வேலை வைகாசியில் தொடங்கட்டும். புரட்டாசிக்குப் பிறகு தொடங்காதீர்கள். வடகிழக்கு மழை புதுமேட்டைக் கரைத்துப் பாதையில் விட்டுவிடும்.

15. மண்ணை அம்மணமாக விடாதீர்கள்.

வைக்கோல், கரும்புச்சோகை, வேப்பஞ்சருகு, எதுவானாலும் மூன்று விரல்கடை மூடாக்கு. செடித்தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு அங்குலம் இடைவெளி. மூடாக்குக்குள் கரையான் வந்தால் பயப்படாதீர்கள், காய்ந்ததைத்தான் முதலில் தின்னும். ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டாலே பச்சைச் செடிப் பக்கம் அவ்வளவாக வராது.

16. முதல் போகத்தில் ஆசையைக் குறையுங்கள்.

புதுப்பாத்தியில் தக்காளியும் கத்தரியும் வேண்டாம். ஒன்றில் சிறுகீரையும் தண்டுக்கீரையும், இன்னொன்றில் கொத்தவரையோ தட்டைப்பயறோ போடுங்கள். கீரைவிதை பொடிசு, நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வருகிற வாடல் மற்றதற்கும் வரும். அடுத்தடுத்த போகம் ஒரே பாத்தியில் அவற்றை வைக்காதீர்கள். ஒவ்வொரு போகம் முடிந்ததும் மண் இறங்கியிருக்கும், பாதையில் கரைந்து கிடப்பதை வழித்து மேலே போட்டு, அதோடு ஒரு சாக்கு எரு.

சிறுகீரை 25 நாளில் பிடுங்க வரும். அரிவாளை வைக்காதீர்கள், வேரோடு உருவுங்கள். வேர் நேராக, முள்ளங்கிக் குஞ்சு மாதிரி இறங்கியிருந்தால் பாத்தி சரி. நாலு அங்குலம் இறங்கி, சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் அந்த இடத்தில் அடிமண்ணை இளக்காமல் விட்டிருக்கிறீர்கள். எந்த இடத்துக் கீரை என்று மறக்காமல் பார்த்துவைத்துக்கொண்டு, அடுத்த விதைப்புக்கு முன் அங்கே கடப்பாரையை இறக்குங்கள். அந்தக் கீரையில் ஒரு கட்டு எனக்கும் வேண்டும். வேரை வெட்டாமல், மண்ணையும் அலசாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.